யாரும் இறங்கச் சொல்லவில்லை

15 ஜனவரி 2025, புதன்

முந்நூற்றுச் சொச்சம் கேள்விகள். ஐம்பது வயதை எட்டிப் பிடிக்கிற நேரத்தில் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன். சுவிஸ் பாஸ்போட் வேண்டுமென்றால் எந்த ஆறு எங்கே விழுகிறது என்று தெரிந்திருக்க வேண்டுமாம். இருபத்தாறு வருசமாக அந்த ஆறுகளுக்கு மேலாலேதான் கூட்டித் துடைக்கப் போய் வருகிறேன். அது கணக்கில் இல்லை.

இன்று படித்தது அடிப்படை உரிமைகள். சட்டத்தின் முன் எல்லோரும் சமம். பிறப்பையோ நிறத்தையோ பார்த்து ஒருவரையும் வேறுபடுத்தி நடத்தக் கூடாது. புத்தகத்தை மூடிவிட்டு, நானும் கூட வேலை செய்கிற ஞானேஸ்வரி அக்காவும் கொம்பனியின் சின்னக் காரில் ஊஸ்டரிலிருந்து சூக்குக்கு வெளிக்கிட்டோம். அங்கே மூன்று அலுவலகக் கட்டடங்கள் எங்கள் பொறுப்பு. காடு முடிகிற இடத்தில் பொலிஸ் மறித்தது. எங்களுக்கு முன்னால் போன பேக்கரி வாகனத்தை விட்டார்கள். பின்னால் வந்த வெள்ளிக் காரையும் விட்டார்கள். சமம் என்ற பாடத்தை அவர்களும் படித்திருப்பார்கள், என்னைப் போலச் சோதினைக்கு மட்டும்.

விசாக் கார்ட்டைப் பார்த்தார்கள், முகத்தைப் பார்த்தார்கள், இனிய மாலை என்று வாழ்த்தினார்கள். நல்ல மரியாதையான பெடியள் என்றா அக்கா.

22 ஜனவரி, புதன்

மறித்தார்கள்.

29 ஜனவரி, புதன்

மறிக்கவில்லை. அவைக்குச் சுகமில்லையோ தெரியேல்லை என்று அக்கா கவலைப்பட்டா.

8 பெப்ரவரி, சனி

சோதினை பாஸ். ஐம்பதுக்கு நாற்பத்தேழு. மிச்சம் மூன்றும் எங்கே என்று வீட்டில் இவர் கேட்டார். தான் எழுதியிருந்தால் ஐம்பதும் எடுத்திருப்பாராம். ஆனால் எழுத மாட்டாராம். நிரந்தரமாக இருக்கிறதுக்குச் சி விசா இருக்க என்னத்துக்கு வீண் அலைச்சல் என்பது அவருடைய கட்சி.

என்னத்துக்கு? ஒருவருக்கும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். பதினெட்டு வயதிலிருந்து என் கையில் இருந்த காகிதங்கள் எல்லாம் அனுமதிதான். ஊரை விட்டுக் கொழும்புக்குப் போக ஒரு பாஸ். இங்கே வந்ததும் 'என்' எழுத்துப் போட்ட விசா, பிறகு எஃப், பிறகு பி, பிறகு சி. இந்த நாட்டின் எழுத்துகளில் பாதியைத் தாண்டிவிட்டேன். எல்லாவற்றிலும் எழுதியிருப்பது ஒன்று: இவள் இங்கே இருக்கலாம், இப்போதைக்கு. ஒரு தரமாவது ஒருவருடைய அனுமதியும் இல்லாமல் ஓரிடத்தில் இருந்து பார்க்க எனக்கு ஆசை. அவ்வளவுதான்.

இனி எங்கள் கிராமசபையில் ஒரு நேர்காணல் மிச்சம். ஏப்ரல் அளவில் கூப்பிடுவார்களாம். கடன் இருக்கக் கூடாது, பொலிஸ் வழக்கு இருக்கக் கூடாது. மகள் மதுஜா பேர்ணிலிருந்து ஃபோன் எடுத்துச் சிரித்தாள். "அம்மா, நீங்கள் சிவப்பு விளக்கில ஆளில்லாட்டியும் நிக்கிற ஆள். உங்களுக்கென்ன வழக்கு?" அவள் பதினாறு வயதிலேயே பாஸ்போட் எடுத்துவிட்டாள். அவளுக்கு எல்லாம் சுகம்.

26 பெப்ரவரி, புதன்

எழுத வேண்டும். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்திருக்கிறேன்.

இந்தக் கிழமை கொம்பனி பெரிய வான் தந்தது. மகேஸ்வரன் அண்ணையும் யேசுதாசனும் இப்போது எங்களோடு வருகிறார்கள். யேசுதாசன் வாய் ஓயாத ஆள். அண்ணைக்கு அறுபது தாண்டிவிட்டது, கதை குறைவு. அவர் துடைத்த கண்ணாடியில் போய் முட்டிக்கொண்ட டிரெக்டர் ஒருவர் இருக்கிறார். அண்ணை, ஊரில் சண்டை முடிந்த அடுத்த வருசம் வந்தவர்.

அதே இடத்தில் மறித்தார்கள். நான் ஒதுக்கி நிறுத்தி ஜன்னலை இறக்கினேன். ஒரு இளம் பொலிஸ்காரன், வாகனத்திலேயே இருங்கள் என்று சொல்லிக்கொண்டு வந்தான். அவன் சொல்லி முடிக்க முதல் பின்கதவு திறந்த சத்தம். பார்த்தால் அண்ணை கீழே நிற்கிறார். தொப்பியைக் கழற்றிக் கமக்கட்டில் வைத்து, கார்ட்டை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி. அவருக்குப் பின்னால் யேசுதாசன், இரண்டடி இடைவெளி விட்டு, வாய் மூடி. அதைக் கண்டதும் ஞானேஸ்வரி அக்கா இறங்கி வானுக்கு மற்றப் பக்கம் போய் நின்றா. ஆம்பிளையள் ஒரு வரிசை, பொம்பிளையள் ஒரு வரிசை. இத்தனை வருசத்துக்குப் பிறகும் ஒரு அடி பிசகவில்லை.

நானும்தான். எஞ்சினை நிறுத்தி, இறங்கி, சோதிக்க வசதியாகப் பின்பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு, அக்காவுக்குப் பின்னால் போய் நின்றேன். இதே இடத்தில் எத்தனை புதன் காருக்குள்ளேயே இருந்து கார்ட் நீட்டியவள். அவர்கள் மூன்று பேரும் நிற்கிறதைக் கண்டதும் கால் தானாகப் போனது. ஊரில் ஆமிச் சென்றி வந்தால் பஸ்ஸில் ஒருவரும் இருக்கக் கூடாது. இறங்கி, அடையாள அட்டையைக் கையில் எடுத்து, நடந்து அந்தப் பக்கம் போய் ஏற வேண்டும். எல்லா இடத்திலும் அப்படித்தான் நடந்தோம். அங்கே அது ஒழுங்கு. இங்கே நாலு கறுத்த ஆட்கள் ஒரே நேரத்தில் வாகனத்தை விட்டு இறங்கி வரிசை கட்டினால் அதற்கு வேறு பெயர்.

பெடியன் பின்னுக்குப் பாய்ந்தான். கை இடுப்புக்குப் போனது. உள்ளே ஏறச் சொல்லிக் கத்தினான். ஆமிக்காரன் கத்தினால் என்ன செய்வது என்றும் எங்களுக்குத் தெரியுமே. நாலு பேரும் கையைத் தூக்கினோம். எவ்வளவு ஒழுங்காக நின்றோமோ அவ்வளவுக்கு அவனுக்குச் சந்தேகம் கூடியது.

இன்னொரு பொலிஸ் கார் வந்தது. வாளி, மொப், கண்ணாடித் திரவம் எல்லாவற்றையும் மணந்து பார்த்தார்கள். முக்கால் மணித்தியாலம். போகிற கார்கள் எல்லாம் மெதுவாகப் போய்ப் பார்த்தன. எல்லோருடைய கார்ட்டும் சரி என்று தெரிந்த பிறகு எனக்கு விசர் வந்தது. ஏன் எங்களை மறித்தீர்கள் என்று கேட்டேன். வழக்கமான சோதனை என்றான். யாருக்கு வழக்கம் என்று கேட்டேன். அதை அவன் எழுதிக்கொண்டான்.

27 பெப்ரவரி, வியாழன்

வாய், சிவகலா, வாய். அம்மா அப்போதே சொன்னவ.

14 மார்ச், வெள்ளி

பதிவுத் தபால். ஸ்ட்ராஃப்பெஃபேல், அதாவது தண்டனைக் கட்டளை, என்று தலைப்பு. பொலிஸின் கட்டளைக்குக் கீழ்ப்படியாமல் "எந்தக் காரணமுமின்றி" வாகனத்தை விட்டு இறங்கி, வழக்கமான சோதனைக்கு இடைஞ்சல் செய்தேனாம். சாரதி நான் என்பதால் எனக்கு மட்டும். குற்றப்பணம் கட்டினால் முடிந்தது. ஆட்சேபிப்பதென்றால் பத்து நாளுக்குள்.

16 மார்ச், ஞாயிறு

வீட்டில் மகாநாடு. கட்டிவிட்டுச் சும்மா இரு என்கிறார் இவர். ஆட்சேபம் எழுதுங்கள் என்கிறாள் மதுஜா. எழுதினால் என்ன நடக்கும் என்று அவள் விசாரித்தும் வைத்திருக்கிறாள்: வழக்கு முடியும்வரை என்னுடைய பாஸ்போட் விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்படும். ஆறு மாதமோ ஒரு வருசமோ.

ஆக, குற்றம் செய்தேன் என்று ஒப்புக்கொண்டால் நான் கெதியாகக் குடிமகள் ஆகலாம். செய்யவில்லை என்று சொன்னால் காத்திருக்க வேண்டும். ஆட்சேபிக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்று சோதினையில் நான்தான் புள்ளடி போட்டேன். சரியான விடைதான், ஒரு புள்ளி தந்தார்கள்.

"எனக்கெண்டா உந்த நியாயம் விளங்கேல்லை," என்றார் இவர். "நீ இறங்கினனிதானே?"

இறங்கினேன்தான்.

20 மார்ச், வியாழன்

கட்டுவதென்றுதான் மேசையில் இருந்தேன். கடிதத்தைத் திரும்ப வாசிக்காமல் விட்டிருக்க வேண்டும். "எந்தக் காரணமுமின்றி." மறித்ததற்குக் காரணம் தேவையில்லை, அது வழக்கம். இறங்கினதற்குத்தான் காரணமில்லையாம். எனக்குத் தலைக்கு மேலே ஏறியது.

மத்தியானம் ஆட்சேபத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்து, இவருக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பால்கறி வைத்தேன். கறியைக் கண்டதும் இவருக்கு விளங்கியிருக்கும்.

2 ஏப்ரல், புதன்

வழக்கு முடியும்வரை அந்தப் பாதையால் போவதில்லை என்று முடிவெடுத்து, ஏரிக்கரையால் சுற்றிப் போகிறோம். இருபத்தைந்து நிமிடம் கூட. நடமாடும் சுதந்திரம் சோதினைப் புத்தகத்தில் பக்கம் முப்பத்தொன்றில் இருக்கிறது. பாதை எது என்று அதில் இல்லை. காட்சி நல்லாயிருக்கு என்கிறான் யேசுதாசன்.

3 ஜூன், செவ்வாய்

வழக்குத்தொடுநர் அலுவலகத்தில் விசாரணை. மகேஸ்வரன் அண்ணையைச் சாட்சியாகக் கூப்பிட்டிருந்தார்கள். போகும் வழி முழுக்க நான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன்: ஜேர்மன் விளங்கவில்லை, அதனால் இறங்கிவிட்டேன் என்று சொல்லுங்கோ, அதோடு விடுங்கோ. ஓம் ஓம் என்று தலையாட்டினார்.

உள்ளே போனதும் வழக்குத்தொடுநர் அம்மா, நடுவயது, கண்ணாடி போட்டவர், ஏன் இறங்கினீர்கள் என்று கேட்டார். பொலிஸ்காரன் சொன்னது விளங்கினது என்றார் அண்ணை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்படியென்றால் ஏன் இறங்கினீர்கள்? அண்ணை மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்:

"அந்தப் பெடியன் பயந்திடக் கூடாது எண்டுதான் இறங்கினனான். நாங்கள் உள்ளுக்க இருந்தா அவைக்குப் பயம் வரும். பயம் வந்தாச் சுடுவினம். என்ர தம்பி உள்ளுக்க இருந்தவன்."

மொழிபெயர்ப்பாளர் அதை ஜேர்மனில் சொன்னார். அந்த அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டுத் தண்ணீர் வேண்டுமா என்று அண்ணையைக் கேட்டார். வேண்டாம் என்றார்.

நான் அழுதேன். மூன்று மாதமாக ஒரே வானில் போய் வருகிறோம், தம்பியைப் பற்றி எனக்குத் தெரியாது. கேட்கவுமில்லை. என்னுடைய பாஸ்போட், என்னுடைய வழக்கு, என்னுடைய வாய் என்றே இருந்திருக்கிறேன். வெளியே வந்ததும் மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை என்றேன். நீ சொன்ன மாதிரிச் சொல்ல வரேல்லைப் பிள்ளை என்று அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

7 ஜூலை, திங்கள்

வழக்குக் கைவிடப்பட்டது. ஒன்றரைப் பக்கம். "அற்பமான விடயம்" என்று காரணம் எழுதியிருக்கிறார்கள். எங்களை ஏன் மறித்தார்கள் என்பதற்கு இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன், ஒரு வரியும் இல்லை.

இவர் கேக் வாங்கி வந்தார். தான் அப்போதே சொன்னாராம் எழுதச் சொல்லி.

20 ஓகஸ்ட், புதன்

விண்ணப்பம் திரும்ப உயிர் பெற்றுவிட்டது. நேர்காணல் செப்டம்பர் 15, திங்கள், மாலை ஆறு மணி. ஐந்து பேர் கொண்ட குழு. பக்கத்து வீட்டு நாயின் பெயர்கூடக் கேட்பார்களாம், கதை அப்படி. கேட்டு வைத்துக்கொண்டேன்: பெல்லோ.

அதுவரைக்கும் வாயைத் திறப்பதில்லை. இவருக்கும் மதுஜாவுக்கும் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். மதுஜாவே சொல்கிறாள், கொஞ்ச நாளைக்கு அம்மா, கொஞ்ச நாளைக்கு.

3 செப்டம்பர், புதன்

ஏரிக்கரைப் பாதையில் வேலை நடக்கிறது, அடைத்துவிட்டார்கள். பழைய பாதையால் போனோம். மறித்தார்கள்.

அதே பெடியன் இல்லை, வேறொருவன். எனக்கு மனதுக்குள் ஒன்றுதான் ஓடியது: பன்னிரண்டு நாள். லைசென்ஸ், கார்ட் எல்லாவற்றையும் அவன் கேட்க முதலே நீட்டினேன். சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது. நல்ல வெயில் என்றுகூடச் சொன்னேன்.

பின்னால் ஒரு கதவும் திறக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். மகேஸ்வரன் அண்ணை இருக்கைப் பட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தார். பிறகு ஜன்னல் பக்கம் சரிந்து, தமிழிலேயே கேட்டார்.

"ஏன் தம்பி எங்களை மறிச்சனீங்கள்?"

கோபமாக இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரி.

பொலிஸ்காரன் அவரைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்து, அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டான். ஞானேஸ்வரி அக்கா என் தொடையில் கிள்ளினா. ஒன்றுமில்லை, அவருக்குக் களைப்பு என்று சொல்லலாம். ஜேர்மனில் அது மூன்று சொல். வாய்க்குள் வந்தும் விட்டது.

"ஏன் தம்பி எங்களை மறித்தீர்கள் என்று கேட்கிறார்," என்றேன். "நானும் கேட்கிறேன்."

தம்பி என்றதையும் விடாமல் சொன்னேன். அது அண்ணை அவனுக்குக் கொடுத்த மரியாதை, அதை நான் எடுத்துவிடக் கூடாது.

அடுத்ததாக வந்த கார் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. அவன் கொப்பியை எடுத்தான். என் கார்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே என்னுடைய பெயர் என்ன என்று கேட்டான்.

எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.