பக்கத்துப் பலகையில் ஒரு குண்டு

அன்புள்ள மகாராணிக்கு,

நீயும் மகளும் பேத்தியும் நலம் என்று நம்புகிறேன். நான் நலம். போன வாரம் போனில், "நான் இங்கேயே இருந்துடட்டுமா?" என்று நீ கேட்டாய். யோசித்து எழுதுகிறேன் என்று வைத்துவிட்டேன். எதையும் வரிசைப்படுத்தினால்தான் எனக்குச் சொல்ல வரும் என்பது உனக்குத் தெரியும். ஆகவே:

1. நான் துப்பாக்கி சுடப் போன கதை.
2. என் முதல் போட்டியில் நடந்தது.
3. வீட்டு நிலவரம்.
4. உன் கேள்விக்குப் பதில்: நீ மகளோடு தாராளமாக இருக்கலாம். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

முதலாவது. குக்கர் விசிலுக்கே திடுக்கிடுகிறவர் கையில் துப்பாக்கியா என்று நீ சிரித்ததாக மகள் சொன்னாள். சிரித்தது நியாயம்தான். நீ மகள் வீட்டுக்குப் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் நீண்டுவிட்டன. மாடிவீட்டுப் பல் டாக்டர், "சுவரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறதுக்கு, வந்து எனக்கு மார்க்காவது போடுங்க சார்" என்று தன் துப்பாக்கிச் சங்கத்துக்குக் கூட்டிப்போனார். மார்க் போடப் போனவனைப் படுக்க வைத்துவிட்டார்கள். ஆமாம், படுத்துக்கொண்டுதான் சுட வேண்டும். என் வயதுக்கு ஏற்ற விளையாட்டு. துப்பாக்கி சங்கத்துடையது, அங்கேயே இரும்பு அலமாரியில் பூட்டிவிடுவார்கள். நீ கவலைப்பட வேண்டாம்.

இலக்குப் பலகைகள் புல்வெளியின் மறுகோடியில் நிற்கும். வெறும் கண்ணுக்குத் தபால்தலை அளவுகூடத் தெரியாது. தொலைநோக்கியில் பார்த்தால் நடுவே வெயிலின் கானல் நீர் மாதிரி நெளிந்து ஓடும். அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் காற்று போகிறது. அதற்கேற்பக் குறியைத் தள்ளி வைக்க வேண்டும். வேலைக்காலம் முழுக்க ரயில் கால அட்டவணை போட்டவன் நான். காற்று எந்த அட்டவணைக்குள்ளும் வரவில்லை. தவித்துப்போய்ப் படுத்திருப்பேன். டாக்டர் பின்னாலிருந்து, "மூச்சை விட்டுட்டுச் சுடுங்க சார், உயிரை விட்டுடாதீங்க" என்பார்.

பலகைகளுக்குக் கீழே ஒரு பள்ளம் இருக்கிறது. முறைவைத்து நாங்களே அதில் இறங்கி, குண்டு பட்ட பலகையை இறக்கி, ஓட்டைக்குக் காகிதம் ஒட்டி, மறுபடி ஏற்ற வேண்டும். அங்கே உட்கார்ந்திருந்தால் தலைக்கு மேல் குண்டு சடக்கென்று போய்விடும். அதைச் சுட்ட துப்பாக்கியின் சத்தம் பின்னால் நிதானமாக வந்து சேரும். எனக்கு என் ஞாபகம்தான் வரும். நீ கேட்டதற்கெல்லாம் என் பதில் இப்படித்தானே வந்திருக்கிறது.

இரண்டாவது. போட்டியன்று பலகைகள் எல்லாம் ஒரே மாதிரி. எண் மட்டும் வேறு. என் பக்கத்துப் பலகை சங்கத்து ரொட்டிக்கடைக்காரர் ஒருவருடையது. கடைசிக் குண்டுக்குக் காற்று அடங்கட்டும் என்று காத்துக்கிடந்தேன். கானல் ஓடை மாதிரி போய்க்கொண்டிருந்தது. புல், கொடிகள், பலகைகள் எல்லாம் அதில் மிதந்தன. உன் கேள்வியும் மிதந்து வந்தது. பிறகு நம் சமையலறை ஜன்னல். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே நீ திரும்புகிறாய். எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேனோ தெரியாது. கானல் சாய்வதை விட்டு நேராக எழுந்தது. மூச்சை விட்டேன். விரல் தானாக அழுத்தியது. அவ்வளவு பயமில்லாமல் நான் எதையுமே செய்ததில்லை.

என் பலகை இறங்கவில்லை. பக்கத்துப் பலகைதான் இறங்கி ஏறியது. அவரும் அதே நேரம் சுட்டிருந்ததால் அதில் இரண்டு புது ஓட்டைகள். ரொட்டிக்கடைக்காரர் சுட்டது ஓரத்தில். நட்டநடுவில் இருந்தது என்னுடையது. எண்ணைப் பார்க்காமல் அடுத்தவர் பலகையைச் சுட்டிருக்கிறேன். சங்கத்து விதிப்படி இரண்டில் நல்லது பலகைக்காரருக்கு, எனக்குச் சுழியம். அதனால் அவருக்கு இரண்டாம் பரிசு. "அண்ணே, இனிமே எல்லாப் போட்டிக்கும் என் பக்கத்துலயே படுங்க" என்றார். திடலே சிரித்தது. நானும் சிரித்தேன். சாயங்காலம் வீடு தேடி வந்து ஒரு முழு ரொட்டி கொடுத்துவிட்டுப் போனார்.

மூன்றாவது. குழாய் ஒழுகல் நின்றுவிட்டது. உன் செடி மொட்டு விட்டிருக்கிறது. தண்ணீர் அதிகமோ குறைவோ என்று எனக்குச் சந்தேகம். ரொட்டியில் ஓரத்துண்டு உனக்குத்தான் என்பதால், இரண்டு முனையையும் தொடாமல் வைத்தேன். அவை காய்ந்து கட்டையாகிவிட்டன.

நான்காவதை விரிவாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். மறுபடி படித்துப் பார்த்தேன். பிழையில்லாத, மரியாதையான வாக்கியம். என் கடைசிக் குண்டைப் பற்றி டாக்டர், "சுட்டது சுத்தம் சார், சுட்ட இடம்தான் தப்பு" என்றார். இதுவும் அப்படித்தான்.

பேத்திக்கு என் ஆசிகள். மகளுக்கு நீ தேவைப்படும்வரை அவளோடு இரு. பிறகு எந்த ரயில் என்று மட்டும் எழுது. அது வந்து சேரும் நேரம் எனக்குத் தெரியும். முன்பே வந்து நிற்பேன்.

மேலே நான்காவதாக எழுதியது தவறு.

உன்
டைம்டேபிள்