அடைக்கலம் புகுந்த வௌவால்கள்

வளம் பெருகுக, கலங்கள் கரை சேர்க. இலுப்பைத்துறை நாடாளும் நல்லினிமாதேவி, ஆலங்குன்ற நாட்டு வேந்தரும் ஏழு அருவிகளுக்கு உரியவருமான வாகைமாறருக்கு வணக்கத்துடன் எழுதுவித்த ஓலை. தங்கள் குன்றும் குடிகளும் நலமுற்றிருக்க வேண்டுகிறோம்.

எம் நாட்டு வௌவால்கள் தங்கள் ஆலமரங்களில் குடியேறி இரைச்சலிடுவதாகவும், வரும் முழுநிலவன்று பறையறைந்து தீப்பந்தம் காட்டி அவற்றைக் கடலுக்கு அப்பால் விரட்டப்போவதாகவும் தாங்கள் எழுதியது கண்டோம். அருள்கூர்ந்து பொறுக்க வேண்டும். அவை அங்கு வந்த கதையைக் கேட்டால் தாங்களே சிரிப்பீர்கள்.

எம் பண்டாரத் தலைவி கயற்கோதை, எதுவும் வீணாவதைப் பொறாதவர். இலுப்பைப் பூவை உலர்த்தி விற்றால் பண்டாரம் நிறையும் என்று கண்டவருக்கு, இரவில் வௌவால்கள் அதைத் தின்பது நெஞ்சை அறுத்தது. சென்ற பூக்காலத்தில் தோப்பு முழுவதையும் மீன்வலையால் போர்த்தினார். பூ குவிந்தது, அவையில் பாராட்டும் குவிந்தது. பசித்த வௌவால்கள் மலையேறித் தங்களிடம் வந்தன.

காய்க்கும் காலம் வந்தது, காய் வரவில்லை. காயில்லையேல் வித்தில்லை, வித்தில்லையேல் எண்ணெயில்லை. எம் கலங்கரை விளக்குக்கு ஆள்பவரே தம் கையால் இலுப்பை எண்ணெய் வார்ப்பது வழக்கம். இருப்பு தீர்ந்தபின் நாம் விளக்கேற்றாமலே வெறுங்குடத்துடன் படியிறங்கினோம். மறுநாளே முத்தாச்சி என்னும் மீன்காரி பண்டார வாசலில் வந்து நின்றாள். "தாயே, என் வீட்டுக்காரரு கரை தெரியாம பக்கத்தூரு மணல்ல படகை ஏத்திட்டாரு. விளக்குல எண்ணெய்க்குப் பதிலா பூவைச் சொருகி வச்சிருக்கீங்களோ?" என்றாளாம். கயற்கோதையே இதை அவையில் அவள் குரலில் சொல்லிக் காட்டினார். வெட்கமாக இருந்ததாம், சிரிப்பும் அடங்கவில்லையாம்.

பின்னர் தனியே தோப்புக்குச் சென்றார். கடைசி மரத்தில் மட்டும் வலை கிழிந்திருந்தது. அந்த ஒரு மரம் மட்டும் காய்த்துத் தொங்கியது. கிழிசல் வழியே நுழைந்த சில வௌவால்கள்தாம் பூவுக்குப் பூ தாவிப் பூந்தாதைச் சேர்த்திருக்க வேண்டும். திருடரென்று தாம் விரட்டியவர்கள் தோப்பின் வேலையாட்கள். அவர்கள் தின்ற இனிப்பு அவர்கள் கூலி. பண்டாரக் கதவுக்குள் வந்ததை மட்டுமே செல்வம் என்று எண்ணியிருந்தவர், அந்தி சாயும்வரை அங்கேயே அமர்ந்திருந்தார். வலை தம் கண்ணிலேயே இத்தனை நாளும் கிடந்ததாக அவருக்குப் பட்டது.

ஆதலின் வலைகளை மீனவரிடம் கொடுத்துவிட்டோம். அவற்றில் விழுந்த முதல் மீன் கருவாடாகி இவ்வோலையுடன் வருகிறது. வௌவால்கள் எம் குடிகள். அடுத்த பூக்காலம்வரை அவற்றுக்கு அடைக்கலம் தருக. பூமணம் எட்டியதும் தாமே வந்துவிடும். அதுவரை எம் விளக்குக்குத் தங்கள் எண்ணெயில் சில குடம் தந்துதவுக. இனி எப்பொருளுக்கும் விலை குறிக்குமுன், பண்டாரத்தார் அது விளையுமிடத்தில் ஓர் அந்தி அமர்ந்து பார்க்க வேண்டுமென ஆணையிட்டுள்ளோம். கயற்கோதை தவறாமல் போகிறார். நாமும் துணைக்குப் போகிறோம்.

மரங்கள் நிழல் தருமளவும் நம் நட்பு தழைக்க. இதன் முத்திரை புதியது. தலைகீழாகப் பதிந்துவிட்டதென எண்ணி ஓலையைத் திருப்பிப் பிடிக்க வேண்டா. வௌவால் அப்படித்தான் தொங்கும்.