ஆய்வக ஊழியர் தஹானியின் இடமாற்றத்தை ரத்து செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
இன்ஷிராஹ் அப்துல் மவ்ஜூத்,
மீன்குளச் சாலை, கஃப்ர் அல்-சம்மார் கிராமம்.

பெறுநர்:
மாவட்டச் சுகாதார இயக்குநர் அவர்கள்.

பொருள்: எங்கள் கிராமச் சுகாதார நிலைய ஆய்வக ஊழியர் தஹானி ரிஸ்க் மருந்துக் கிடங்குக்கு மாற்றப்பட்டது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் ஷவாத்ஃபி மீன் வளர்ப்பவர். அவருக்கு இருந்த மஞ்சள் காமாலைக் கிருமி மாத்திரை சாப்பிட்டதில் போய்விட்டது. ஈரலில் அதன் தழும்பு மட்டும் நின்றுவிட்டது. அது புற்றாக மாறலாம் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனும், ஆல்ஃபா என்னும் புரதத்துக்கான ரத்தப் பரிசோதனையும் செய்துவந்தோம்.

2. சென்ற ஆகஸ்டில் ஸ்கேன் சுத்தமாக இருந்தது. "ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்று மருத்துவர் அனுப்பிவிட்டார். ரத்த முடிவு நான்கு நாள் கழித்து வந்தது. அடுத்த வருகையில்தான் அதைத் தருவது நிலையத்தின் வழக்கம்.

3. தஹானி பழைய பதிவேட்டைப் புரட்டியிருக்கிறார். அந்தப் புரதத்தின் எண் முதலில் ஏழு, பிறகு பத்தொன்பது, இப்போது அறுபத்து நான்கு. அன்றே வேன் பிடித்து, மீதித் தூரம் சேற்றில் நடந்து, குளக்கரைக்கு வந்தார். "ஹாஜி, இது புற்றுன்னு நான் சொல்லல. ஆனா எண்ணு ஏறிக்கிட்டே போகுது. பெரிய ஆஸ்பத்திரியில ஒரு தரம் காட்டிடுங்க" என்றார்.

4. அந்தப் புரதம் கருவில் இருக்கும் சிசுவின் ஈரல் சுரப்பது, பிறந்தபின் வற்றிவிடுவது, பெரியவர்களிடம் ஏறினால் கவனிக்க வேண்டியது என்றும் விளக்கினார். எங்களுக்குப் பிள்ளை இல்லை ஐயா. என் கணவர் என்னைப் பார்த்து, "முப்பது வருஷமா புள்ளை எங்கன்னு ஊரே உன்னைத்தான் கேட்டுச்சு. பாத்தியா, புள்ளைப் புரதம் எங்கிட்டதானே இருக்கு!" என்றார். சிரித்துக்கொண்டே அழுதேன். மனுவில் எழுதத் தகாததென்றால் மன்னிக்கவும்.

5. பெரிய மருத்துவமனையில் இரண்டு சென்டிமீட்டர் கட்டி தெரிந்தது. ஊசி செலுத்தி அந்தக் கட்டியைச் சூட்டில் பொசுக்கிவிட்டார்கள். ஆறு மாதம் விட்டிருந்தால் ஊசிக்கு அடங்கியிருக்காது என்று அங்குள்ள மருத்துவர் சொன்னார். இப்போது எண் ஆறு.

6. நோயாளியின் முடிவை வெளியில் கொண்டுபோனார் என்பதே தஹானி மீதான குற்றச்சாட்டு. அவர் செய்ததில் பிழையே இல்லை என்று நான் சொல்லவில்லை. மீன் வாங்க வந்த இருவர் அப்போது அருகில் நின்றார்கள். அவர்களை விலகச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ரத்தம் என் கணவருடையது. அவருக்கு இதில் மனக்குறை இல்லை. அதை எழுதி இம்மனுவுடன் இணைத்திருக்கிறார்.

7. அவர் போனபின் ஆய்வகம் பூட்டியே கிடக்கிறது. என் கணவரைப் போல நாற்பத்தொரு பேர் திரும்பிப் போகிறார்கள். அவர்களில் யாருடைய எண் ஏறுகிறதென்று பார்க்க இன்று ஆள் இல்லை.

ஆகவே இடமாற்ற ஆணையை ரத்து செய்து, முடிவு ஏறினால் உடனே வீட்டுக்குத் தெரிவிக்க ஒரு விதியும் வகுக்குமாறு பணிந்து கேட்கிறேன். இதை எழுதும்போது என் கணவர் எதிரில் அமர்ந்து மீன் செதில் உரித்துக்கொண்டு, என் கையெழுத்தைக் கேலி செய்கிறார். தாங்கள் விசாரணைக்கு அழைத்தால் சாட்சியாக அவரையே அழைத்து வருகிறேன்.

இடம்: கஃப்ர் அல்-சம்மார்
நாள்: 11 மார்ச் 2019

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இன்ஷிராஹ் அப்துல் மவ்ஜூத்