ஊசி விழுந்த இடம்

அன்பு மகள் பீரங்கிக்கு,

உன் சித்தப்பன் சகல ஆடம்பரங்களுடனும் எழுதிக்கொள்வது. இங்கே யாரும் முழு நலமாக இல்லை, நீயாவது அங்கே முழு நலமாக இரு, வீட்டுக்கு ஒருவராவது அப்படி இருக்க வேண்டும். ஒருவரும் நம்பாத கதை ஒன்றை இந்தக் கடிதத்தில் சொல்லப்போகிறேன் என்று என் பட்டறையின் பத்தாம் நம்பர் ஸ்பானர் மீது சத்தியம் செய்கிறேன். நீயும் நம்பமாட்டாய். போனில் சொன்னால் பாதியில் கத்திவிட்டு வைத்துவிடுவாய், காகிதத்தை அப்படி வைக்க முடியாதே, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் உன் அப்பா. முட்டிக்குக் கீழே கால் எடுத்த இடத்தில் புண் ஆறி வருகிறது. இல்லாத பாதம் அரிக்கிறது என்கிறார். ஒருநாள் அந்த இல்லாத பாதத்தை நான் பத்து நிமிஷம் பக்தியோடு சொறிந்துவிட்டேன், இடம் தள்ளிச் சொறியிறடா என்று திட்டினார். இந்த மாதத்தில் அவர் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். கட்டிலை ஜன்னலோரம் போட்டோம், தெருவில் மோட்டார் சைக்கிள் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்று மறுபடி உள்ளே தள்ளிவிட்டோம். உன் அம்மா சாப்பிடுகிறாள், ஆனால் நின்றுகொண்டே சாப்பிடுகிறாள். உட்காருங்க அண்ணி என்றால், உட்கார்ந்தா எந்திரிக்க மாட்டேன் என்கிறாள்.

இப்போது கதைக்கு வருகிறேன். பாலத்து ஏற்றத்தில் உன் அப்பாவைப் பின்னாலிருந்து மோதிய பால் வேன் டிரைவர் இன்னும் உள்ளேதான் இருக்கிறான். பிடித்த அன்றிலிருந்து ஒரே பாட்டுதான் பாடுகிறான், அவரு வண்டி திடீர்னு செத்துப்போச்சு சார், பிரேக் விளக்குகூட எரியல என்று. யாரும் நம்பவில்லை, நானும்தான் நம்பவில்லை, அவன் கழுத்தை இந்தக் கையாலேயே திருகுவேன் என்று வாசலில் நின்று முழங்கினேன். அவனுக்கு ஜாமீன் தரக்கூடாது என்று நீ அங்கிருந்து எழுதி அனுப்பிய மூன்று பக்க மனுவை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். வியாழக்கிழமை அது விசாரணைக்கு வருகிறது.

போன வாரம் உன் அப்பாவின் மோட்டார் சைக்கிளைப் போலீஸ் விடுவித்தது. பட்டறைக்கு வந்தபோது பின்சக்கரம் எட்டு போட்டதுபோல வளைந்திருந்தது, ஆனால் எஞ்சினும் முன்பக்கமும் கீறல்கூட விழாமல் இருந்தன. சாவியைத் திருப்பினேன், உயிர் இருந்தது. டிரைவர் புளுகுகிறான் என்று நிரூபித்து உலகத்தின் வாயை அடைக்கலாம் என்றுதான் த்ராட்டில் சென்சாரைச் சோதிக்க உட்கார்ந்தேன். அது தீப்பெட்டியில் பாதிகூட இராது. நம் கை ஆக்ஸிலேட்டரை எவ்வளவு முறுக்கியது என்று எஞ்சினின் மூளையிடம் கோள் சொல்வதுதான் அதன் வேலை. நம்பர் காட்டுகிற மீட்டரை வைத்துப் பார்த்தேன், எல்லாம் சுத்தம். மனசு கேட்கவில்லை. நம்பர் மீட்டர் சோம்பேறி, கண் இமைக்கும் நேரத்துக் குற்றம் அதில் தெரியாது. பழைய ஊசி மீட்டரைத் தூசி தட்டி எடுத்து மாட்டி, மெதுவாக முறுக்கினேன். ஊசி சமர்த்தாக ஏறியது, கால்வாசி முறுக்கில் பொத்தென்று பூஜ்யத்தில் விழுந்தது, அந்தச் சத்தத்தில் பக்கத்துத் தெரு நாய் எழுந்து உட்கார்ந்தது. நாற்பத்தேழு தடவை முறுக்கினேன், நாற்பத்தேழு தடவையும் அதே இடத்தில் விழுந்தது. பெட்டியைப் பிளந்து பார்த்தால், உள்ளே கறுப்புத் தடத்தில் தேய்ந்துபோய் ஒரு கடுகளவு வழுக்கை. ஏற்றத்தில் சீராகப் போகிற கை கால்வாசியில்தான் நிற்கும். கோள் சொல்கிறவன் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டான், எஞ்சின் செத்தது, உன் அப்பா பிரேக்கைத் தொடவே இல்லை, பிரேக் விளக்கு ஏன் எரியப்போகிறது? அந்த டிரைவர் சொன்னது அத்தனையும் சரி.

சென்சாரைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு ராஜநடை போட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் முழுதும் கேட்டார், கேட்டுவிட்டு நாற்காலி முனக முனகச் சிரித்தார். நீதானய்யா எஞ்சினே இல்லாம எட்டு கிலோமீட்டர் ஓட்டினேன்னு டீக்கடையில அளந்தவன், டிரைவர் உனக்கு என்ன உறவு என்றார். ஐம்பது வருஷமாக நான் அவிழ்த்துவிட்ட கதையெல்லாம் அவர் மேஜையைச் சுற்றி நின்று என்னைப் பார்த்துக் கைகொட்டியது. சிரித்து முடித்ததும் ஒரு கேள்வி கேட்டார். இவ்வளவு கெட்டிருந்தா முன்னாடியே ஏதாவது காட்டியிருக்குமே, சர்வீஸ் பண்ணினது நீதானே என்றார். ஒண்ணும் காட்டலை சார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

காட்டியது பீரங்கி. விபத்துக்குப் பதினைந்து நாள் முன்னால் உன் அப்பா பட்டறைக்கு வந்து, மீட்டர்ல மஞ்சள் விளக்கு ஒண்ணு விட்டு விட்டு எரியுதுடா, என்னன்னு பாரு என்றார். நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை. வண்டி உங்களைப் பார்த்துக் கண்ணடிக்குது அண்ணே, இந்த வயசுல இப்படி ஒரு யோகமா, அண்ணிக்குத் தெரிஞ்சா வீடு ரெண்டாகும் என்று சொல்லி, ஒரு துண்டு கறுப்பு டேப்பைக் கிழித்து அந்த விளக்கின் மேல் ஒட்டினேன். பட்டறையே சிரித்தது, அவரும் சிரித்தார். அதற்கப்புறம் அது பதினைந்து நாள் டேப்புக்குள்ளேயே எரிந்திருக்கிறது.

இன்று காலையில் உன் அம்மாவிடம் சொன்னேன். கையிலிருந்த பாத்திரத்தை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள், இதை எழுதும் வரை திறக்கவில்லை. உன் அப்பாவிடமும் சொன்னேன். என்னை அடிப்பார் என்று கட்டிலுக்குப் பக்கமாகவே நின்றேன். அன்னிக்கு நல்லா சிரிச்சோம்டா என்றார். அடித்திருக்கலாம்.

வியாழக்கிழமை வண்டியின் மீட்டரை டேப்போடு கழற்றிக் கோர்ட்டுக்கு எடுத்துப்போகிறேன். நான் சொன்னால் சிரிப்பார்கள், உன் மனுவை நீ திரும்பப் பெற்றால் சிரிக்க மாட்டார்கள். புதன்கிழமைக்குள் இரண்டு வரி எழுதி அனுப்பு, மறக்காதே. என்னைப் பற்றி என்ன எழுத வேண்டுமோ அதையும் எழுது, குறைக்காதே. நீ நீண்ட ஆயுசோடு, இரண்டு காலோடு, எந்த விளக்கு எரிந்தாலும் நின்று பார்க்கிற புத்தியோடு இருக்க வேண்டும். அம்மாவுக்குத் தனியாக ஒரு போன் போடு, என் பேச்சை எடுக்காதே.

இதில் எண்ணிக்கையெல்லாம் என் வழக்கப்படி ஊதியதுதான், முறுக்கியது ஆறே தடவை. அந்த ஒரு விரல் நீளக் கறுப்பு டேப் மட்டும் நிஜம்.

இப்படிக்கு,
உன் சித்தப்பன்