கழுவிய கான்

மடவளை

அன்புள்ள ஹபீல் நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கொழும்பில் மதினியும் பிள்ளைகளும் சுகம்தானே? என் கோலை நீங்கள் எடுப்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நுஹாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனால் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறாள். அணையை உடைத்தவன் மகள் என்று வகுப்பில் சொல்கிறார்களாம். வெள்ளத்தில் மவுத்தானவர்களின் பிள்ளைகளும் அதே வகுப்பில்தான் இருக்கிறார்கள். அவர்களை நான் எப்படிக் கோபிப்பேன்? குவாட்டர்ஸை விடச் சொல்லிவிட்டார்கள். நுஹாவின் வாப்பா மவுத்தாகி, வெளியே இறங்கக் கூடாத இத்தாவிலேயே வீடு மாறி, இப்போது உம்மாவோடு இருக்கிறோம்.

விசாரணையில் அணையைச் சோதித்த இஞ்சினியராக நீங்கள் சொன்னதைக் கேள்விப்பட்டேன். அணைக்குப் பொறுப்பாயிருந்த என் மாப்பிள்ளை அஹ்னாப், கசிவுநீர் வடிந்து ஓடும் கானைக் கழுவிச் சேற்றை மறைத்து உங்களை ஏமாற்றிவிட்டாராம். சேறு கிடந்திருந்தால் கட்டுக்குள் மண் கரைகிறது என்று அன்றைக்கே கண்டுபிடித்திருப்பீர்களாம். நல்ல கதை.

சோதனைக்கு முன்னால் அவர் உங்களுக்குக் கோல் எடுத்தபோது நான் பக்கத்தில் இறைச்சி வெட்டிக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டது. மச்சான், தண்ணி கலங்கி வருது, கான் முழுக்கச் சேறு, அப்படியே வெச்சிருக்கவா என்றுதான் கேட்டார். பெரியவங்க வாறாங்க, எல்லாத்தையும் கழுவிச் சுண்ணாம்பும் அடிச்சி வை, என்ட மானத்த வாங்கிராத, சேத்தப் பத்திப் பொறகு பாப்பம் என்றீர்கள். பெருநாளைக்கு வீடு கழுவுவதுபோல் அவர் கழுவினார். வந்த பெரியவர்கள் சுத்தத்தை மெச்சினார்கள். தங்கச்சிட மாப்பிள்ளை என்று தோளில் தட்டினீர்கள். எங்கள் வீட்டில் புரியாணியும் சாப்பிட்டுப் போனீர்கள். பிறகு நீங்கள் பார்க்க வரவேயில்லை. மழைதான் வந்தது.

கட்டு சரியத் தொடங்கியதும், கீழே இருந்த ஆட்களை வெளியே கூப்பிடத்தான் அவர் ஓடி, வெள்ளத்தில் மவுத்தானார். அது உங்களுக்கும் தெரியும். அவருடைய சந்தூக்கை முதலில் தோளில் ஏற்றியவர் நீங்கள்தானே. அவரை அடக்கிவிட்டு வந்த கையோடு அவர்மேல் பழியைப் போட எப்படி மனம் வந்தது? வெட்கமாக இல்லையா நானா?

ஆஸிகா இத்தாவில் இருக்கிறாள், அவளைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்று விசாரணைக்காரர்களிடம் நீங்கள்தான் கேட்டுக்கொண்டீர்களாம். என்ன இரக்கம்! உம்மா அழுகிறார். மவுத்தானவர் திரும்பியா வரப்போறாரு, உசிரோட இருக்கிறவனையும் தொலைக்கணுமா என்கிறார். அவருக்கு நீங்களும் பிள்ளைதான்.

வருகிற வெள்ளியோடு என் இத்தா முடிகிறது. அதற்கு மறுவாரம் விசாரணை கண்டியில் மறுபடியும் கூடுகிறது. நான் போவேன். அதற்கு முன் நீங்களே போய் உண்மையைச் சொல்லிவிடுங்கள். கெஞ்சித்தான் கேட்கிறேன். பெற்ற உம்மா உயிரோடு இருக்கும்போது அதை என் வாயால் சொல்ல வைக்காதீர்கள்.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். நுஹா வளர்ந்து, வாப்பா என்ன பிழை செய்தார் என்று உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்கும் வரையாவது நீங்கள் இருக்க வேண்டும்.

உங்கள் தங்கச்சி,
ஆஸிகா