ஜலஜா கட்டிய தொட்டில்

சாந்தோம்,
சாம்பல் புதனுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை

அன்பு மகன் ரெஜிசுக்கு, அம்மா எழுதுவது.

நீயும் அனுப்ரியாவும் குழந்தை ஸஹானாவும் நலமாக இருக்க வேண்டுமென்று அன்னையிடம் கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன். எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை. கோயிலுக்கு நடந்துதான் போகிறேன். ஆட்டோ வைத்துக்கொள் என்று உன் அக்கா சொல்வதைக் காதில் வாங்குவதில்லை.

இதை அங்கே வரும் உன் மாமனார் கல்யாணராமன் கையில் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய். தாளில் அது முடியாது. முழுவதும் படித்துவிட்டுப் பதில் சொல்.

ஜெசிந்தா கவுன்சிலர் தேர்தலில் தோற்ற அன்று நீ அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டேன். உன் அக்கா தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள் என்றாய். குடும்பத்துக்கே தலைகுனிவு என்றாய். ரெஜிஸ், நான் இந்தத் தெருவில் இப்போதுதான் தலையை நிமிர்த்தி நடக்கிறேன். கவுன்சிலரின் தாய் என்று ஒருவரும் கூப்பிடப் போவதில்லை. ஜெசிந்தாவின் தாய் என்கிறார்கள். எனக்கு அது போதும். அதற்கு மேலும்கூட.

என்ன நடந்தது என்று உனக்கு முழுமையாகத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தச் செய்தியை அனுப்பியிருக்க மாட்டாய் என்றுதான் நினைக்க விரும்புகிறேன்.

தான் பிறக்க வேண்டி எங்கே தொட்டில் கட்டினீர்கள் பாட்டி என்று ஸஹானா கேட்டாள் அல்லவா? அதற்காகத்தான் முதல் சனிக்கிழமை பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயிலுக்குப் போனபோது, தொட்டில்கள் தொங்கும் இடத்தைப் படமெடுத்துக் குடும்பக் குழுவில் போட்டேன். படத்தின் ஓரத்தில் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு பெண் கண்மூடி நிற்கிறாள் என்பதை நான் கவனிக்கவே இல்லை. நீ கவனித்தாய். அது ஜலஜா. பட்டினப்பாக்கத்தில் பல வருஷமாக நான் மீன் வாங்கும் ஜலஜா. ஜெசிந்தாவை எதிர்த்து நின்ற டில்லிபாபுவின் மனைவி.

அவள் முகத்தைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டாய். "பிள்ளை வரத்துக்கு மாதா வேண்டும், மாதா கோயிலுக்குப் போகிறவள் கவுன்சிலராக மட்டும் கூடாதா" என்று எழுதி, ஜெசிந்தாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நேரே கிச்சாவுக்கு அனுப்பினாய். எழுத்துப் பிழைகளோடு. உனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான் என்பதால் அதுவும் உறுத்தியது.

ஞாயிறு பூசை முடிந்து நாங்கள் வந்தபோது கிச்சா கேட்டருகே நின்று போனைக் காட்டினான். அவன்தானே உன் அக்காவுக்காக வார்டு முழுக்கப் போனில் பிரச்சாரம் செய்தவன். "ஆன்ட்டி, ரெஜிஸ் அண்ணன் மெல்போர்ன்ல குந்திகினே அட்ச்சாரு பாருங்க சிக்ஸர்! வார்டு ஃபுல்லா சுத்திக்கினு கீது!" என்றான். அவ்வளவு சந்தோஷம் அந்தப் பிள்ளைக்கு. ஜெசிந்தா போனை வாங்கிப் பார்த்தாள். "இப்பவே எடு" என்றாள். "எட்த்தா மட்டும் இன்னாக்கா, எல்லார் கைக்கும் பூட்ச்சே" என்று அவன் இழுத்தான். அவள் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அழித்துக் காட்டிய பிறகுதான் காபி கொடுத்தாள்.

டில்லிபாபு ஒன்றும் மரியாதையாகப் பேசிவிடவில்லை. நீ கோபப்பட்டதில் தவறில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறவர்களுக்கு மட்டும்தான் அந்தம்மா கவுன்சிலராக இருக்கும் என்று தெருமுனையில் பேசினான். கல்யாணமே ஆகாதவங்களுக்குக் குடும்ப கஷ்டம் இன்னா தெரியும் என்றும் கேட்டான். அன்று ராத்திரி உன் அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. உன் அப்பா படுக்கையில் கிடந்த காலமெல்லாம் அவரைத் தூக்கி உட்கார வைத்தவள் அவள். குடும்ப கஷ்டம் அவளுக்கா தெரியாது?

ஆனால் ஜலஜா மேடையேறிப் பேசவில்லையே, ரெஜிஸ். அவள் மகள் மேகலாவுக்குக் கல்யாணமாகி இன்னும் குழந்தை இல்லை. ராயபுரத்தில் மாமியார் வீடு. அந்த வீட்டுக்குத் தெரியாமல்தான் தாயும் மகளும் வைத்தியம் பார்த்தார்கள், வேண்டுதலும் வைத்தார்கள். நீ வட்டம் போட்ட படம் ராயபுரத்துக்கும் போனது. எங்கள் வீட்டு விஷயத்தை ஊர் சிரிக்க வைத்துவிட்டீர்கள் என்று மேகலாவைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்றுவரை வந்து கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை கட்சியின் வட்டச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். நாம் அந்தப் படத்தைப் பற்றி ஒன்றும் பேச வேண்டாம், நீ சும்மா மட்டும் இரும்மா, அது தானாக வேலை செய்யும் என்றார். யோசித்துப் பார்த்தால் அது எவ்வளவு சுலபம்! பொய் சொல்லச் சொல்லவில்லை, திட்டச் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பதவி வந்துவிடும். ஜெசிந்தா அவரை வாசல் வரை மரியாதையாகக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். என்ன செய்யப் போகிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நான் விரும்பியதற்காகச் செய்தது போலாகிவிடும்.

மறுநாள் மாலை தெருமுனைக் கூட்டம். நான் முதல் வரிசை நாற்காலியில் இருந்தேன். அவள் மைக்கைப் பிடித்துத் தண்ணீர் லாரி, சாக்கடை, கடற்கரையோர வீடுகளின் பட்டா எல்லாம் பேசினாள். டில்லிபாபுவின் கட்சி இந்த வார்டுக்குச் செய்யாததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். விசில் பறந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, ஒரு தாய் கண்மூடி நின்று வேண்டிக்கொண்டதைப் படமாக்கிப் பரப்பினார்கள், அது என் பக்கத்திலிருந்து போனது, யார் அனுப்பியிருந்தாலும் பொறுப்பு என்னுடையது, அந்த வீட்டுப் பெண்களிடம் நான் மன்னிப்புக் கேட்கிறேன், அந்தப் படத்தைப் பார்த்து எனக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் தயவு செய்து போட வேண்டாம் என்றாள்.

ஜலஜாவின் பெயரைச் சொல்லவில்லை, மேகலாவின் பெயரைச் சொல்லவில்லை. உன் பெயரையும் சொல்லவில்லை.

கூட்டத்தில் ஒருவன், "யக்கா, நீ எந்தக் கட்சிக்கு ஓட்டு கேக்குற?" என்று கத்தினான். ஒரே சிரிப்பு. "எனக்குத்தான்பா. மறக்காம போடு" என்றாள் உன் அக்கா. வட்டச் செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து கட்சிக்காரர்களில் பாதிப் பேர் வேலைக்கு வரவில்லை.

அதைக் கேட்டு டில்லிபாபு மனம் உருகிவிட்டான் என்று எழுத எனக்கும் ஆசைதான். விடிந்ததும் அவன் ஆட்டோ நம் தெருவுக்கே வந்தது. "தோல்வி பயத்தில் மன்னிப்புக் கேட்ட அக்காவுக்கு நன்றி! நன்றி!" என்று ஒலிபெருக்கி. நான் ஜன்னலைச் சாத்தினேன். ஜெசிந்தா இட்லியைச் சட்னியில் தொட்டுக்கொண்டே, "திறந்து வைங்கம்மா, காத்து வரட்டும்" என்றாள்.

முடிவு உனக்குத் தெரியும். ஓட்டு எண்ணும் இடத்தில் நடந்தது தெரியாது. நான் படித்த கான்வென்டில் த்ரோபால் ஆட்டம் முடிந்தால் தோற்ற அணிதான் முதலில் போய்க் கை கொடுக்க வேண்டும். கை கொடுக்காதவளை மதர் அடுத்த ஆட்டத்தில் சேர்க்க மாட்டார். உன் அக்காவுக்கு அதை நான் சொல்லிக்கொடுத்ததாக நினைவில்லை. ஆனால் அவள் நேரே டில்லிபாபுவிடம் போய்க் கையை நீட்டினாளாம். அவன் மாலையும் கழுத்துமாகத் தடுமாறி, "இன்னாக்கா, தோத்துட்டு சிரிக்கிறீங்க" என்றானாம். "தண்ணி லாரி வரலைன்னா தினம் உன் வாசல்ல வந்து நிப்பேன் தம்பி. அப்பவும் சிரிச்சுகிட்டேதான் வருவேன்" என்றாளாம். கிச்சா வந்து நடித்துக் காட்டினான். இப்போது அவனுக்கும் அதில் பெருமைதான். உன் அப்பா வேதநாயகமும் தான் தோற்ற தேர்தலில் ஜெயித்தவருக்கு மாலை போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். நீ அப்போது கைக்குழந்தை.

எதிரிக்கு எதற்கம்மா இரக்கம் என்று கேட்டிருந்தாய். எதிரிக்குத்தான், ரெஜிஸ். நமக்கு வேண்டியவர்கள் மேல் இரங்க ஞானஸ்நானம் எதற்கு? அதை எல்லாக் கட்சிக்காரர்களும் தங்களுக்குள் செய்துகொள்கிறார்கள். விட்டுக்கொடுத்தால் நம்மை இளக்காரமாக நினைப்பார்கள் என்கிறாய். நினைக்கட்டும். ஜெசிந்தா எதை விட்டுக்கொடுத்தாள்? சாக்கடைக்காக இன்றும் மனு எழுதிக்கொண்டிருக்கிறாள். பரலோக மந்திரத்தில் நமக்கு வேண்டிய பாதியை மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிட முடியாது. 'எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பது போல' என்ற மறு பாதியில்தான் டில்லிபாபு இருக்கிறான்.

இனி நான் எழுத வந்த விஷயம்.

ஜலஜா அதற்குப் பிறகு பெசன்ட் நகருக்கு வரவில்லை. இரண்டு சனிக்கிழமை அவளைத் தேடிப் பார்த்துவிட்டு, இன்று காலை பட்டினப்பாக்கத்துக்குப் போனேன். கவுன்சிலர் மனைவி ஆன பிறகும் கடை போடுகிறாள். அந்தக் குணம் எனக்குப் பிடித்தது. மற்றவர்கள் வாங்கிக்கொண்டு போகும்வரை நின்றேன். என்னைப் பார்த்ததும் சங்கரா மீனை எடுத்து எடைபோட்டு, அரிவாள்மனையில் வைத்துச் செதில் உரிக்கத் தொடங்கினாள்.

பிறகு தலை நிமிராமலே, "ஜெசிந்தா அக்கா மன்னிப்பு கேட்டுச்சாம். அது பண்ணலன்னு எனக்கு தெரியும்மா. பண்ணது யாரு?" என்றாள்.

படத்தை எடுத்தது நான், வட்டம் போட்டு அனுப்பியது என் மகன் என்றேன்.

அவள் கை நின்றது. என்னை அங்கேயே திட்டியிருக்கலாம். சுற்றிலும் அவளுடைய ஆட்கள்தான். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அவள், "எதுக்கும்மா எட்த்தீங்க?" என்றாள். என் பேத்திக்காக நான் தொட்டில் கட்டிய இடத்தை அவளுக்குக் காட்ட என்றேன். மீனைத் திருப்பிப் போட்டாள். "கட்னப்புறம்தான் பொறந்துச்சா?" என்றாள். ஆமாம் என்றேன். "என்னுது இன்னும் அங்க கீதா?" என்று கேட்டாள். இருக்கிறது, போன சனிக்கிழமைகூடப் பார்த்தேன், படத்தில் உன் முன்னால் தொங்கும் மஞ்சள் நூல் தொட்டில்தானே என்றேன். மீனைக் கழுவிப் பையில் போட்டுக் கொடுத்தாள். மறுபடி கோயிலுக்கு வா என்றேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

நீயும் அனுப்ரியாவும் குழந்தைக்காக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்த நாட்களில் நானும் அதே இடத்தில்தான் நின்றேன், ரெஜிஸ். பக்கத்தில் எத்தனையோ பேர். அழுதேன்கூட. என்னை ஒருவரும் படமெடுக்கவில்லை.

உன் மாமனாரைப் பற்றி ஒரு வார்த்தை. நேற்று பயணம் சொல்லிக்கொள்ள வந்தபோது அவராகவே சொன்னார்: "சம்பந்தி அம்மா, பொய் சொல்லப்படாது, நான் ஓட்டு டில்லிபாபு கட்சிக்குத்தான் போட்டேன். ஆனா உங்க பொண்ணு பேசினதைக் கேட்டுண்டு நின்னேன். எங்க கட்சியில இப்படி ஒருத்தி இல்லையேன்னு இருந்தது." அடுத்த தடவை ஜெசிந்தாவுக்குப் போடுவீர்களா என்றேன். "அது வேற விஷயம்" என்று சிரித்துவிட்டு இரண்டாவது காபி கேட்டார். உன்னிடமும் சொல்லாமல் இருக்க மாட்டார். உன் வீட்டு மேஜையில் அவர் சாப்பிடும்போது நீ எப்படி நடந்துகொண்டாய் என்று அனுப்ரியாவிடம் கேட்பேன்.

தவக்காலம் தொடங்கிவிட்டது. நீ இறைச்சியை விடுகிறாயா, பீரை விடுகிறாயா என்று இந்த வருஷம் நான் கேட்கப் போவதில்லை. ஜலஜாவின் நம்பர் ஜெசிந்தாவிடம் இருக்கிறது. அதை வாங்க நீ அவளோடு பேச வேண்டியிருக்கும். வேண்டுமென்றேதான் நான் இதில் எழுதவில்லை. யார் அனுப்பியது என்று கட்சியில் இன்றுவரை அவளைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தம்பி என்று அவள் வாயிலிருந்து வரவில்லை. கிச்சாவிடமும் சத்தியம் வாங்கி வைத்திருக்கிறாள்.

ஜலஜாவிடம் பேசும்போது விளக்கம் சொல்லாதே. டில்லிபாபு பேசியதை எடுக்காதே. மேகலாவின் மாமியாரிடமும் பேச வேண்டும் என்று அவள் சொன்னால் பேசு, வேண்டாம் என்றால் விட்டுவிடு. அவள் திட்டினால் கேட்டுக்கொள். ஸஹானா பக்கத்தில் இருந்தால் நல்லது. தெரிந்துகொள்ளும் வயதுதான்.

நாளை விட்டு அடுத்த சனிக்கிழமை நானும் ஜெசிந்தாவும் பெசன்ட் நகரில் இருப்போம். தூண் பக்கத்து பெஞ்சில் எங்களுக்கு நடுவே ஓர் இடம் விட்டு உட்காருவோம். யாராவது கேட்டால் ஆள் வருகிறது என்று சொல்வேன். நான் பொய் சொல்வதில்லை என்பது உனக்குத் தெரியும், மகனே. என்னைப் பொய் சொல்ல வைத்துவிடாதே.

உன் நெற்றியிலும், அனுப்ரியா நெற்றியிலும், என் தங்கம் ஸஹானா நெற்றியிலும் கட்டைவிரலால் சிலுவை வரைகிறேன். மேகலாவின் நெற்றியிலும் வரைந்துவிட்டுத்தான் தினமும் படுக்கிறேன், அவளுக்குத் தெரியாமல். அன்னை எல்லோரையும் ஒரே முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன் பதிலுக்கு முன் ஜலஜாவின் பதிலை எதிர்பார்க்கும்,
அம்மா
பெர்னதெத் வேதநாயகம்