உப்பளக் கரையில் கிடைத்த சுருள்கல்

ஞாயிறு, இரவு.

"பாறைக்கு வயசு எப்படி சார் தெரியும்?" என்று எட்டாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் என்னைக் கேட்டவள் ஜெயந்தி. சுவரில் அடுக்கடுக்காக ஒட்டிய சினிமா போஸ்டர்களைக் காட்டினேன். சில வருஷமே நடித்த நடிகரின் முகம் தெரிந்தால் அந்த அடுக்கின் காலம் தெரியும். சில காலமே வாழ்ந்த கடல் உயிரின் ஓடும் அப்படித்தான்.

இன்று தான் பாடம் எடுக்கும் கல்லூரி மாணவர்களோடு உப்பளத்துக்கு வந்தவள், "இதெல்லாம் ராமலிங்கம் சார் சொல்லிக்கொடுத்தது" என்றாள். அவர் எங்கள் பள்ளியின் வரலாற்று ஆசிரியர்! என்னோடு அவரையும் அழைத்திருந்தாள்.

அவரோ உப்புப் பாத்தியின் கரையிலிருந்து ஒரு சுருள்கல்லை, அம்மோனைட் என்ற பழங்காலக் கடல் உயிரின் கல்லாகிப்போன ஓட்டை, எடுத்து, "இந்த உப்பளம் டைனோசர் காலத்துதுப்பா!" என்றார். கரைமண் மேற்கேயிருந்து லாரியில் வந்தது எனக்குத் தெரியும். மாட்டட்டும் என்று பேசாமல் நின்றேன்.

"சார், இது லாரியில வந்த மண்ணுங்க" என்றாள் ஜெயந்தி.

"அப்போ லாரிதான் டைனோசர் காலத்துது!"

எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டு சிரித்தார்கள். நான் சிரிக்காததை ஜெயந்தி கவனித்துவிட்டாள்.

நாளை பள்ளியில் ராமலிங்கத்தைப் பார்த்ததும் நீயே முதலில் சிரி.